பூஜ்யத்தின் அரசர்கள் – 5: தகரச் சுவரின் முன்னே

போன வாரம் இல்லினாய் மாநிலத்து கேல்ஸ்பர்க் மைதானத்தில், தரையில் விழுந்து கிடந்த ஓர் இளைஞனைச் சுற்றிக் கூட்டம் கூடியதோடு நிறுத்தியிருந்தோம். 1909-ம் வருடம். முதல் பேஸிலிருந்து இரண்டாம் பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்தான். எதிரணி ஷார்ட்ஸ்டாப் விட்டெறிந்த பந்து நேராக வந்து தலையில் மோதியது. ஹெல்மெட் என்ற சமாச்சாரமே அன்று கிடையாது.

பிழைத்தானா? பிழைத்தான். ஏறத்தாழ இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்துவிட்டுக் கண் விழித்தான். விழித்த கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கட்டில் இரண்டு, கதவு இரண்டு, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு இருவர். அவன் பிட்சர், பந்து வீசுகிறவன். பிட்சரின் பிழைப்பு 60 அடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கேட்சரின் கையுறையை நம்பியது. இரண்டு கேட்சர் தெரிந்தால் எந்தக் கையுறைக்கு வீசுவது?

கேல்ஸ்பர்க் அணிக்காரர்கள் அவனை இண்டியானாபொலிஸுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே அவன் வீசிய முதல் பந்து மேனேஜரின் விலா எலும்பைப் பதம் பார்த்தது என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். இண்டியானாபொலிஸ் அவனை சிராக்யூஸுக்குத் தள்ளியது. அதற்குள் ஒருநாள், வந்த சுவடு தெரியாமல் இரட்டைப் பார்வை போய்விட்டது. 1910-ல் சிராக்யூஸுக்காக 29 ஆட்டங்களை வென்றான். சொற்ப விலைக்கு அவனைப் பிடித்துப்போட்டது, பிலடெல்பியா பிலிஸ் அணி.

நெப்ராஸ்கா மாநிலத்தின் எல்பா கிராமத்தில் 1887-ல் பிறந்தவன். பதின்மூன்று பிள்ளைகளில் ஒருவன். அப்போது ஜனாதிபதியாக இருந்தவரின் பெயரையே வைத்தார்கள்: க்ரோவர் க்ளீவ்லண்ட் அலெக்சாண்டர். பந்து வீச வருமுன் தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை. இனி அவரை ‘அவர்’ என்றே அழைப்போம். ஏனென்றால் 1911-ல், தன் முதல் பருவத்திலேயே, அவர் 28 ஆட்டங்களை வென்றுவிட்டார்.

*

இந்த வாரம்தான் தொடருக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பாலில் ஆளுக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூன்று பேரை அவுட்டாக்க வேண்டும். ஆக மொத்தம் 27 பேர். கிரிக்கெட்டைப் போல ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை. ஒரே பிட்சர் எல்லாப் பந்துகளையும் வீசலாம். அப்படி ஒருவரே ஆரம்பம் முதல் கடைசிவரை நின்று வீசி, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தால் அதுதான் ஷட் அவுட். நாள் முழுக்க மெய்டன் ஓவராகவே போட்டுக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த வருடம் தன் லீகில் இதை அதிகம் முறை செய்தவர் யார் என்பதுதான் இந்தத் தொடரின் கேள்வி.

1911-ல் பிலிஸ் ஆடிய நேஷனல் லீகில் அந்த இடம் புதுப்பையன் அலெக்சாண்டருக்கு. 7 ஷட் அவுட். அதில் ஒன்றில், செப்டம்பரில், எதிரே நின்று வீசியவர் 44 வயது சை யங். வரலாற்றிலேயே மிக அதிக வெற்றிகள் பெற்ற பிட்சர், ஓய்வு பெறும் கடைசி வாரங்களில் இருந்தார். முடிவு 1–0. வென்றது பையன்.

எப்படி வீசினார் இந்த மனிதர்? பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: சிரமமே தெரியாது. தலைக்குச் சற்றுச் சின்னதான தொப்பி உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கை பக்கவாட்டிலிருந்து வரும். ஒரு குட்டி எட்டு, முற்றத்தில் கோழிக்குத் தானியம் இறைப்பது போன்ற ஓர் அலட்சியம். பந்து மட்டும் பேட்டருக்கு எட்டாத தாழ்வான மூலையில் போய் உட்காரும். அடுத்த பந்தும் அங்கேயே. ஒரு பந்துக்கும் மறு பந்துக்கும் இடையில் யோசிப்பதும் இல்லை, நெற்றியைத் துடைப்பதும் இல்லை.

இவ்வளவும் நடந்த இடம்தான் விஷயத்தைச் சுவாரசியமாக்குகிறது.

பிலடெல்பியாவில், பிராட் தெருவும் லீஹை அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் இருந்தது பிலிஸின் மைதானம். பேக்கர் பவுல் என்று பின்னால் பெயர் நிலைத்தது. நகரத்தின் சதுரத்துக்குள் திணிக்கப்பட்ட இடம். சென்டர் மைதானத்தில் ஒரு திட்டு மேடு, ஏனென்றால் அதன் அடியில் ரயில் சுரங்கம் ஓடியது. 1903-ல் பார்வையாளர் மாடத்தின் ஒரு பகுதி சரிந்து 12 பேர் இறந்த துயரமும் அங்கேதான்.

ஆனால் பிட்சர்களின் வயிற்றைக் கலக்கியது வலப்பக்கச் சுவர். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து 280 அடிகூட இருக்காது. மற்ற ஊர்களில் சுலபமாகக் கையில் பிடித்துவிடக்கூடிய பந்துகள் இங்கே சுவரில் போய் இடிக்கும். சுவர் ஏறத்தாழ 40 அடி உயரம். மேலே தகரம் அடித்திருந்தார்கள். பந்து பட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்டு, எந்தப் பக்கம் தெறிக்கும் என்றே சொல்ல முடியாமல் தெறிக்கும். அலெக்சாண்டரின் சொந்த அணிக்காரர் கேவி க்ராவத், 1915-ல் 24 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்து லீகில் முதலிடம் பிடித்தார். அதில் பெரும்பாலானவை இந்த மைதானத்தில் அடித்தவை. (பின்னாளில் அதே சுவரில் லைஃப்பாய் சோப்புக்குப் பிரம்மாண்ட விளம்பரம் எழுதினார்கள்: பிலிஸ் அணி லைஃப்பாய் உபயோகிக்கிறது என்று. ‘அப்படியும் நாறுகிறார்கள்’ என்று ஊர்க் குறும்பு ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டது. அணி அந்த நிலைக்கு வந்த கதைக்கு இன்னும் சில பத்திகள் பொறுங்கள்.)

வருடத்தில் பாதி ஆட்டங்களை இந்தத் தகரச் சுவருக்கு முன்னால் வீச வேண்டிய மனிதர், ரன்னே கொடுக்காமல் இருப்பதில் லீகுக்கே முதல்வர். 1911-ல், 1913-ல், 1915-ல் மீண்டும்.

அந்த 1915-ல் 12 ஷட் அவுட், 31 வெற்றி. 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ரன் 1.22. பிலிஸ் தன் சரித்திரத்தில் முதல்முறையாக லீக் பட்டம் வென்று, இரண்டு லீகுகளின் முதல் அணிகள் மோதும் உலகத் தொடருக்குப் போனது. எதிரே பாஸ்டன் ரெட் சாக்ஸ்.

முதல் ஆட்டம், பேக்கர் பவுல். 3–1 என்று பிலிஸ் முன்னிலை. 9-வது இன்னிங்ஸ். பாஸ்டன் தன் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க ஒரு 20 வயதுப் பையனை அனுப்பியது. அகன்ற மூக்கு, இடது கை ஆட்டக்காரன். அலெக்சாண்டர் வழக்கம்போலத் தாழ்வாக வீசினார். பையன் அடித்த பந்து தரையோடு உருண்டு முதல் பேஸ்காரரிடம் போனது. அவுட். ஆட்டம் பிலிஸுக்கு. அதற்குப் பிறகு ஓர் உலகத் தொடர் ஆட்டத்தை வெல்ல அந்த அணி 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிச்ச நான்கையும் பாஸ்டன் வென்று கோப்பையைக் கொண்டுபோனது.

அந்தத் தொடரில் பையனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான். அவன் பெயரை இப்போது சொல்லப்போவதில்லை. அவன் மறுபடி வருவான்.

*

1916.

பேஸ்பால் வரலாற்றில் இந்த வருடத்துக்கு ஒரு தனி அலமாரி உண்டு. அலெக்சாண்டர் ஷட் அவுட்டுகளை அடுக்கத் தொடங்கினார். கோடை முடிவதற்குள் பேச்செல்லாம் ஒரே எண்ணைச் சுற்றி: 13. நவீன காலத்துச் சாதனை அதுதான். 1910-ல் அதைச் செய்த ஜாக் கூம்ப்ஸ் இதே பிலடெல்பியாவின் மற்றோர் அணியான அத்லெடிக்ஸுக்கு வீசியவர்; அந்த அணியின் மைதானமும் இதே லீஹை அவென்யூவில், சில தெருக்கள் தள்ளி. ஊருக்குள்ளேயே இருந்த சாதனை, ஊருக்குள்ளேயே உடைந்தது.

13-ஐத் தாண்டியாகிவிட்டது. ஆனால் அதற்கும் மேலே ஒரு பழைய எண் இருந்தது. 1876-ல், நேஷனல் லீக் பிறந்த வருடமே, செயின்ட் லூயிஸின் ஜார்ஜ் பிராட்லி 16 ஷட் அவுட் செய்திருந்தார். அது வேறு யுகம். அன்று பிட்சர் 45 அடியிலிருந்து, இடுப்புக்குக் கீழே கையை வைத்து வீசினார். பிராட்லி தன் அணியின் 64 ஆட்டங்களிலும் தானே களமிறங்கினார். 1893-ல் தூரத்தை 60 அடி 6 அங்குலமாக்கிய பிறகு அந்த 16-ஐ யாரும் நெருங்கவில்லை. நெருங்க முடியும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

செப்டம்பர் 23. சின்சினாட்டி ரெட்ஸுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தை அலெக்சாண்டரே முழுதும் வீசி 7–3 என்று வென்றார். சாதாரணமாகப் பார்த்தால் அவருக்கு நாலைந்து நாள் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். மேனேஜர் பாட் மோரனோ பட்டப் போட்டியில் இருந்தார். இரண்டாம் ஆட்டத்துக்கும் பந்தை அவர் கையிலேயே கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் 4–0 என்று முடித்துவிட்டார் மனிதர். இன்று டிவியில் பார்க்கும் ஆட்டத்தில் ஒரு மணி நேரத்தில் பாதி ஆட்டம் முடிந்தாலே பெரிய விஷயம்.

அக்டோபர் 2. பாஸ்டன் பிரேவ்ஸ். 2–0. பதினாறு.

நாற்பது வருடத்துக்கு முன்பு பிராட்லி 45 அடியிலிருந்து எட்டிய எண்ணை, அலெக்சாண்டர் 60 அடியிலிருந்து எட்டினார். பருவம் முழுக்க 33 வெற்றி. அதில் ஏறக்குறைய பாதி, எதிரணிக்கு ரன்னே கொடுக்காத வெற்றி. 389 இன்னிங்ஸ் வீசி, பந்து பிசகி பேட்டரை இலவசமாக நடக்கவிட்டது வெறும் 50 முறை. அந்த 16-ல் 9 ஷட் அவுட்டுகள் பேக்கர் பவுலில், தகரச் சுவர் முதுகுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்க வீசியவை. புள்ளிவிவரப் புத்தகத்தில் 33-ஐயும் 16-ஐயும்தான் தடித்த எழுத்தில் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த 9-ஐப் போட வேண்டும்.

அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் 16-ஐத் தொடவில்லை. 1968-ல் பாப் கிப்சன் 13 வரை வந்தார். இப்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ செய்தாலே லீகில் முதலிடம்.

அதே 1916-ல் எதிர் லீகான அமெரிக்கன் லீகில் ஷட் அவுட்டில் முதலிடம் யாருக்கு? 9 ஷட் அவுட். வருடம் முழுக்க 300 இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரு ஹோம் ரன்கூடக் கொடுக்காத, ரெட் சாக்ஸின் இடது கை பிட்சர் ஒருவருக்கு. வயது 21.

ஆம், அதே பையன்தான். பேப் ரூத்.

ஹோம் ரன் என்றாலே நினைவுக்கு வரும் அந்தப் பெயர், ரன்னே இல்லாத ஆட்டங்களின் பட்டியலில் முதலில் நிற்கிறது. இரண்டு லீகுகளின் பூஜ்ய அரசர்கள் இருவரும் அந்த வருடம் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. பிலிஸ் இரண்டரை ஆட்ட வித்தியாசத்தில் பட்டத்தை புரூக்ளினிடம் விட்டது. மறுபடி இருவரும் மோத இன்னும் பத்து வருடம் ஆக வேண்டும். அதற்குள் ஒருவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு உலகத்தையே ஜெயித்திருப்பார். இன்னொருவர்?

*

1917-ல் மீண்டும் 30 வெற்றி, மீண்டும் ஷட் அவுட்டில் முதலிடம். தொடர்ந்து மூன்று வருடம் 30-க்குக் குறையாமல். இப்படி ஒரு பிட்சரை வைத்திருக்கும் முதலாளி என்ன செய்வார்?

விற்றார்.

1917 டிசம்பரில் அணியின் உரிமையாளர் வில்லியம் பேக்கர், அலெக்சாண்டரையும் அவருடைய நிரந்தரக் கேட்சர் பில் கில்லிஃபரையும் சேர்த்து சிகாகோ கப்ஸுக்குத் தள்ளினார். பதிலுக்கு இரண்டு சாதாரண ஆட்டக்காரர்களும் 55,000 டாலரும். அமெரிக்கா ஏப்ரலில் உலகப் போரில் இறங்கியிருந்தது. கட்டாய ராணுவச் சேவை வந்துவிட்டது. அலெக்சாண்டருக்கு 30 வயது, மணமாகாதவர். ராணுவம் கூட்டிக்கொண்டு போவதற்குள் காசாக்கிவிட வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அதோடு பிலிஸின் அத்தியாயமும் முடிந்தது. அடுத்த முப்பது வருடத்தில் தோல்விகளைவிட வெற்றி அதிகமாக இருந்தது ஒரே ஒரு பருவத்தில், 1932-ல்.

பேக்கரின் கணக்கு தப்பவில்லை. 1918-ல் கப்ஸுக்காக மூன்றே மூன்று ஆட்டம். பிறகு அழைப்பாணை. கான்சஸில் கேம்ப் ஃபன்ஸ்டன் பயிற்சி முகாம், அங்கிருந்தபடியே ஏமி என்ற பெண்ணுடன் திருமணம், உடனே கப்பல். 89-வது டிவிஷன், 342-வது பீரங்கிப் படை, பிரான்ஸ்.

ஏழு வாரம் போர்முனையில். பீரங்கியின் கயிற்றை இழுத்து இழுத்து வெடிக்க வைப்பது வேலை. இழுத்தது வலது கை. ஒரு காது கேட்காமல் போயிற்று. இன்னொன்றில் குண்டுச் சிதறல். அவர் இல்லாமலேயே கப்ஸ் அந்த வருடம் உலகத் தொடருக்குப் போய்த் தோற்றது. முதல் ஆட்டத்தில் கப்ஸை 1–0 என்று பூஜ்யத்தில் மடக்கிய பிட்சர் யார் தெரியுமா? பேப் ரூத்.

1919-ல் திரும்பி வந்த அலெக்சாண்டரிடம் இரண்டு புதிய பழக்கங்கள் இருந்தன என்று ஊர் பேசியது. ஒன்று குடி, அது உண்மை. இன்னொன்றும் குடிதான் என்று பலர் நினைத்தார்கள். அது குடி அல்ல, வலிப்பு. போரால் வந்ததா, 1909-ல் தலையில் பட்ட அந்தப் பந்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளி என்று தெரிவதைவிடக் குடிகாரன் என்று பெயர் எடுப்பதே மேல் என்ற காலம். அவர் திருத்தப் போகவில்லை.

அந்த உடம்போடும் 1919-ல் 9 ஷட் அவுட், லீகில் முதலிடம்! ஆனால் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரே பந்தை மண்ணும் புகையிலை எச்சிலுமாகக் கறுத்துப் போகும்வரை வைத்து ஆடுவார்கள். 1920 ஆகஸ்டில் கார்ல் மேய்ஸ் வீசிய பந்து தலையில் பட்டு க்ளீவ்லண்ட் ஆட்டக்காரர் ரே சாப்மன் இறந்தார். அதன் பிறகு அழுக்கான பந்துகளை உடனுக்குடன் மாற்றினார்கள். வெள்ளைப் பந்து பளிச்சென்று தெரிந்தது; பேட்டர்கள் விளாசினார்கள். 1921-ல் அலெக்சாண்டர் மீண்டும் ஷட் அவுட் முதல்வர், ஏழாவது முறையாக. எண்ணிக்கை? வெறும் 3.

வருடங்கள் ஓடின. வேகம் போயிற்று, குறி போகவில்லை. 1926-ல் கப்ஸுக்குப் புது மேனேஜர், ஜோ மெக்கார்த்தி. கட்டுப்பாடு பார்க்கும் ஆள். ஜூனில் 39 வயது அலெக்சாண்டரை வேண்டாம் என்று கழற்றிவிட்டார். எடுக்க யாராவது உண்டா?

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார் ஒரு பழைய நண்பர். பில் கில்லிஃபர். எடுங்கள் என்றார். மேனேஜர் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி எடுத்தார். அந்த வருடமே கார்டினல்ஸ் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. உலகத் தொடரில் எதிரே நியூயார்க் யாங்கீஸ். யாங்கீஸ் என்றால் பேப் ரூத்.

இரண்டாவது ஆட்டம் அலெக்சாண்டர் வென்றார், 6–2. ஆறாவது ஆட்டம் அவரே, 10–2. தொடர் 3–3. அன்றிரவு கிழவர் நிம்மதியாகக் குடித்தார் என்று ஒரு கட்சி. இல்லை, நாளைக்கும் தேவைப்படலாம் என்று ஹார்ன்ஸ்பி எச்சரித்திருந்தார் என்று இன்னொரு கட்சி. இரண்டாவதையே அலெக்சாண்டர் கடைசிவரை சொன்னார்.

1926 அக்டோபர் 10, ஞாயிறு. மப்பும் மந்தாரமுமான நாள். அவ்வளவு பெரிய யாங்கீ ஸ்டேடியத்தில் 38,000 பேர்தான். ரூத் ஒரு ஹோம் ரன் அடித்திருந்தும் கார்டினல்ஸ் 3–2 என்று முன்னிலை. 7-வது இன்னிங்ஸில் பிட்சர் ஜெஸ்ஸி ஹெயின்ஸின் விரலில் கொப்புளம் உடைந்தது. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆள்: மூன்றாவதில் கோம்ப்ஸ், இரண்டாவதில் மியூசல், முதலாவதில் லூ கேரிக். ஒரு ரன் வந்தால் சமம், இரண்டு வந்தால் கை நழுவும்.

ஹார்ன்ஸ்பி இடப்பக்க மூலையில் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தைப் பார்த்துக் கை காட்டினார். கம்பளிச் சட்டையும் உச்சியில் ஒட்டிய சின்னத் தொப்பியுமாக, அவசரமே இல்லாமல் நடந்து வந்தார் முந்தைய நாள் 9 இன்னிங்ஸ் வீசியவர்.

மட்டையோடு நின்றது டோனி லாசேரி. 22 வயது, முதல் பருவம். முந்தைய வருடம் சால்ட் லேக் சிட்டிக்காக 60 ஹோம் ரன் அடித்த பையன். அவருக்கும் வலிப்பு நோய் உண்டு. அன்றைய தினம் அந்த மைதானத்தில், 60 அடி இடைவெளியில் எதிரெதிரே நின்ற இருவருக்கும்.

அலெக்சாண்டர் தாழ்வாக வீசவில்லை. இந்த முறை பந்து உள்ளே, சற்று உயர்ந்து வந்தது. லாசேரி முழுப் பலத்தோடு சுழற்றினார். பட்ட சத்தத்திலேயே கூட்டம் எழுந்துவிட்டது. பந்து இடப்பக்க எல்லைக்கோட்டை ஒட்டி, இருக்கைகளை நோக்கிப் பறந்தது. கோட்டுக்கு உள்ளே விழுந்தால் ஒரே அடியில் நான்கு ரன். வெளியே விழுந்தால், அவுட்டுக்குத் தேவையான மூன்று ஸ்ட்ரைக்கில் வெறும் ஒன்று.

(தொடரும்)